எண்டோஸ்கோப்பி: பார்வையின் பலமும் எல்லையும்

உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றை உள்ளே சென்று பார்க்கும் எண்டோஸ்கோப்பிக் குழாய், சுண்டுவிரல் பருமனே இருக்கும். நுனியில் விளக்கும் மிகச் சிறிய கேமராவும் உண்டு. உள்ளே ஓடும் மெல்லிய வழிகளில் காற்றும் நீரும் செல்லும். ஒரு வழியில் இடுக்கியும் நுழையும். நோயாளி ஆறேழு மணி நேரம் வெறும் வயிற்றோடு வந்து, தொண்டை மரத்துப்போக மருந்து அடித்துக்கொண்டு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, பிளாஸ்டிக் வளையம் ஒன்றைப் பல்லில் கடித்துக்கொள்வார். மருத்துவர் கைப்பிடிச் சக்கரங்களைத் திருகி நுனியை வளைத்து வளைத்து உள்ளே செலுத்துவார். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

1868இல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் துணையோடு வளையாத குழாயை இரைப்பைக்குள் இறக்கினார். போதிய வெளிச்சம் இல்லாததால் அதிகம் தெரியவில்லை. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஹரால்ட் ஹாப்கின்ஸும் கண்ணாடி இழைக்கட்டு வழியே படத்தைக் கடத்திக் காட்டி, 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். அந்த வழியில் நடந்தே பேசில் ஹிர்ஷோவிட்ஸ் 1957இல் வளையும் குழாயை உருவாக்கினார்.

இக்கருவியின் முதல் பலம் நேரடிப் பார்வை. பேரியம் கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரே நிழலைத்தான் காட்டும். ஸ்கோப், சவ்வின் நிறத்தையும் புண்ணையும் கசிவையும் காட்டும். இரண்டாவது பலம், பார்த்த இடத்திலேயே சதைத்துணுக்கை எடுத்து ஆய்வுக்கு அனுப்ப முடிவது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் இப்படி எடுத்த துணுக்குகளிலிருந்துதான் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியை வளர்த்தெடுத்தனர். வயிற்றுப்புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்ற நெடுநாள் நம்பிக்கை அதனால் ஆட்டம் கண்டது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மூன்றாவது, சோதனையோடு சிகிச்சையும் நடப்பது. கல்லீரல் சுருங்கியவரின் உணவுக்குழாயில் புடைத்து ரத்தம் கக்கவைக்கும் நாளங்களை ரப்பர் வளையமிட்டு இறுக்கலாம். ஆசனவாய் வழியே செலுத்தும் இதே வகைக் குழாயால், பெருங்குடலில் வளரும் பாலிப் கட்டியைக் கம்பிச் சுருக்கிட்டு அறுக்கலாம்.

ஆனால் ஸ்கோப் பார்ப்பது உட்சுவரின் மேற்பரப்பை மட்டுமே. பித்தப்பைக் கல்லும் கணையக் கட்டியும் சுவருக்கு அப்பால் இருப்பவை. மேல்வயிற்று வலியோடு வருபவரிடம் ‘எண்டோஸ்கோப்பி நார்மல்’ என்றால் நோய் இல்லை என்று பொருளாகாது. சிறுகுடலின் பல மீட்டர் நீளம் சாதாரண ஸ்கோப்புக்கு எட்டாது. விழுங்கும் கேப்ஸ்யூல் கேமரா அங்கே படம் எடுக்கும், துணுக்கு எடுக்காது. எட்டும் இடத்திலும் கண் தவறும். ஒரே நாளில் இருமுறை கொலோனோஸ்கோப்பி (பெருங்குடல் எண்டோஸ்கோப்பி) செய்து ஒப்பிட்ட ஆய்வுகளில், பாலிப்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் முறை தப்பியிருந்தது. பேதி மருந்து சரியாக வேலை செய்யாத குடலில் தவறு இன்னும் கூடும். அதனால்தான் குழாயை வெளியே இழுக்கும்போது குறைந்தது 6 நிமிடம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்ற விதி வந்தது.

யாருக்குச் செய்வது என்பது அடுத்த கேள்வி. கொல்கத்தாவின் பாலிகஞ்சில் ‘அம்பல்’ (அமிலத் தொல்லை) என்று சொல்லி அமிலமுறிவு மாத்திரை வாங்காத வீடு அரிது. அத்தனை பேருக்கும் குழாய் விடுவதில் பொருளில்லை. ரத்த வாந்தி, கறுத்த மலம், விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை ஆகியவை இருந்தால் தாமதிக்கக் கூடாது. இவை எதுவும் இல்லாத இளையவருக்கு முதலில் ஹெலிகோபாக்டர் கிருமிச் சோதனையும் மருந்தும் போதும் என்பது மேலை நாட்டு வழிகாட்டுதல். கிருமி மிகப் பலரிடம் குடியிருக்கும் இந்தியாவில், அது இருப்பதாலேயே தொல்லைக்குக் காரணம் அதுதான் என்று சொல்லிவிடவும் முடியாது.

ஸ்கோப்தான் எப்போதும் ஒரே வழி அல்ல என்பதற்கு, வேறொரு துறையில் கொல்கத்தாவிலேயே சான்று உண்டு. 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தைக்காக, பேட்ரிக் ஸ்டெப்டோ வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப் வழியே கருமுட்டை எடுத்தார். கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் குழு லேப்ராஸ்கோப் இல்லாமல், யோனிச் சுவர் வழியே முட்டை எடுத்தது. அவ்வாண்டு அக்டோபர் 3இல் குழந்தை பிறந்தது. மாநில அரசு அமைத்த விசாரணைக் குழு முகோபாத்யாயின் கூற்றை நம்பவில்லை. 1981இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். பின்னாளில் உலகெங்கும் வழக்கமானது, அல்ட்ராசவுண்ட் துணையோடு யோனி வழியே ஊசி செலுத்தும் முறையே. முட்டை எடுக்கும் வேலையிலிருந்து லேப்ராஸ்கோப் ஏறக்குறைய விலகிவிட்டது.

மிகப் பெரிய குறை நோயாளியின் கண்ணில் படாதது: சுத்தம். வளையும் ஸ்கோப்பை அதிக வெப்பத்தில் அவித்துக் கிருமி நீக்க முடியாது. ஒவ்வொருவருக்குப் பின்னும் உள்வழிகளைத் தூரிகையால் தேய்த்து, குளூட்டரால்டிஹைடு போன்ற கரைசலில் குறித்த நேரம் ஊறவைத்து, அலசி, உலர்த்த வேண்டும். 2015இல் அமெரிக்காவில், பித்தநாளத்துக்கான ஸ்கோப்பின் நுனியில் தங்கிய, மருந்துக்கு அடங்காத கிருமிகள் நோயாளிகளுக்குப் பரவின. வரிசை நீளமாகவும் ஸ்கோப் இரண்டே இரண்டாகவும் இருக்கும் இடத்தில், உலர்த்தும் நேரம்தான் முதலில் சுருங்கும்.

கொல்கத்தாவிலிருந்து ரயிலேறி வேலூருக்கும் சென்னைக்கும் சிகிச்சைக்கு வருவோர் ஏராளம். கையில் இருக்கும் அறிக்கையில் படமோ, எங்கே துணுக்கு எடுத்தார்கள் என்ற குறிப்போ இல்லையென்றால், வேலூருக்கான ரயில் நிலையமான காட்பாடியில் இறங்கிய பின் அதே சோதனை மறுபடி நடக்கும். செலவும் பட்டினியும் இரட்டிப்பாகும். ஒழுங்கான படங்களும் ஆய்வகக் கண்ணாடித் தகடுகளும் கையோடு இருந்தால் பல நேரம் இதைத் தவிர்க்கலாம்.

எண்டோஸ்கோப்பியின் மதிப்பு, தெளிவான கேள்வி, நிதானமான கை, முறையான சுத்தம், முழுமையான அறிக்கை என்ற நான்கையும் பொறுத்தது. நான்கும் அமைந்தால் சில நேரம் அறுவை சிகிச்சையையே தவிர்க்கக்கூடிய சோதனை இது. கேள்வியே இல்லாமல் செய்தால், நோயாளிக்கு மிஞ்சுவது செலவும் தவறான நிம்மதியும்தான்.