துருவேறிய துப்பாக்கியின் சாட்சியம்

போர் நினைவு நூல்களிற் பழந்துப்பாக்கி பெரும்பாலும் வேடிக்கைப் பொருளாகவே வந்துபோகும். ஜோர்ஜ் ஓர்வெல் 1938இல் வெளியிட்ட 'கற்றலோனியாவுக்கு வணக்கம்' அவ்வகையினதன்று. ஸ்பானிய உள்நாட்டுப் போரில், அரகன் முனையில் அவர் கைக்கு வந்தது 1896ஆம் ஆண்டு பொறித்த ஜெர்மன் மௌசர். துருவேறி, மரக்காப்புப் பிளந்து, குழலும் அரித்துப்போனது. எறிபவனையும் பாரபட்சமின்றிக் கொல்லும் கைக்குண்டைப் பற்றி அவர் எழுதுகையில் நாம் சிரித்துவிடுகிறோம். ஆனால், பதினைந்து வயதுச் சிறுவரிடம் இவற்றைக் கொடுத்தனுப்பியவர் யார்? புதிய ஆயுதங்களைப் பின்னணியில் வைத்துக்கொண்ட குடியரசு அரசையே அவர் சாடுகிறார். சோவியத் ஆயுதங்கள் எவரெவர்க்குப் பகிரப்பட்டன என்ற அவரது வினா நியாயமானதே. எனினும், 1936இல் 'தலையிடாமை' என்னும் பெயரால் பிரிட்டனும் பிரான்சும் குடியரசுக்கு ஆயுத வழியை அடைத்தன. ஹிட்லரும் முசோலினியுமோ பிராங்கோவுக்கு வாரி வழங்கினர். அத்துருவில் இலண்டனுக்கிருந்த பங்கை விரிவாக எழுதியிருக்க வேண்டியவர், இலண்டனை நன்கறிந்த ஓர்வெலே.