சுமக்கப் பிறந்த வண்டி

1980இல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50, இருவர் அமரக்கூடிய முதல் இந்திய மொபெட். அதை அழகு என்று யாரும் சொன்னதில்லை, எனக்கு அழகுதான். பால்கேன், வாழைத்தார், கோழிக்கூடு என்று எதை ஏற்றினாலும் முனகிக்கொண்டே நகரும். கியரும் கிளட்ச் பிடியும் கிடையாது.

பழைய டூ-ஸ்ட்ரோக்கின் உயிர் பெட்ரோலில் கலக்கும் ஆயிலில் இருந்தது. குறைந்தால் பிஸ்டன் இறுகிவிடும்; கூடினால் பிளக்கில் கரி படியும், சைலன்சர் அடைத்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து, ஊதி மாட்டினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். மெக்கானிக்கைத் தேட வேண்டாத அந்தச் சுதந்திரம் இன்றைய ஸ்கூட்டர்களில் ஏது?

2015இல் வந்த 99.7 சிசி டிவிஎஸ் எக்ஸ்எல் 100 ஃபோர்-ஸ்ட்ரோக். கலக்கும் வேலை ஒழிந்தது, புகையும் குறைந்தது (அந்தப் புகைக்காக ஏங்குபவர்களை எனக்குப் புரியவில்லை). ஆனால் என்ஜின் ஆயிலைத் தவணை தவறாமல் மாற்ற வேண்டும்.

பின் கேரியரில் மூட்டையைக் குவித்தால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் அலையும். கனமானதைக் காலடியில் வையுங்கள். தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம் பிரேக் சற்று நேரம் பிடிக்காது. மெல்ல ஓட்டியபடி பிரேக்கை லேசாக அழுத்தி உலர்த்திய பிறகே வேகமெடுக்கலாம்.