விரலுக்குத் தெரிந்த தோல்

கணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரை, ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர் கையில் கூடைப்பந்தைக் கொடுங்கள். தட்டிப் பார்க்கும் முன் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். நல்ல ஆட்டக்காரரும் அதே ரகம்தான்.

அமெரிக்காவின் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. 2006இல் தோல் பந்தை ஓரங்கட்டிச் செயற்கைப் பந்தை இறக்கியது. எல்லாப் பந்தும் ஒரே மாதிரி இருக்குமாம். ஜேசன் கிட்டும் ஸ்டீவ் நாஷும் பந்தைக் கடத்திக் கொடுப்பதில் சூரர்கள். விரல் நுனிதான் அவர்கள் பிழைப்பு. புதுப் பந்தால் அதில் கீறல் விழுகிறது என்றார்கள். ஈரம் பட்டால் பந்து வழுக்குகிறது என்றார்கள் வேறு சிலர். 2007 ஜனவரி 1 அன்று தோல் பந்தே திரும்பிவிட்டது. சிகாகோவின் ஹார்வீன் தோல் ஆலை பதனிட்ட மாட்டுத்தோல் அது. புள்ளிகளை அழுத்திப் பதித்து, எட்டுத் துண்டுகளாக வெட்டிச் செய்வது. புதிதில் வழவழக்கும். ஆடி ஆடித்தான் கைக்கு வசப்படும். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும்.

கிட், நாஷ் இருவரும் பிறகு பயிற்சியாளர் ஆனார்கள். நாஷ் புரூக்ளின் அணியில் 2022 வரைதான் தாக்குப்பிடித்தார். கிட், டாலஸ் அணியை 2024 இறுதிச்சுற்றுவரை கொண்டுபோனார். விரல் அறிந்ததை வாயால் சொல்லிக்கொடுப்பது வேறு வித்தை, எல்லோருக்கும் வாய்க்காது.

நம் பள்ளி மைதானங்களில் ரப்பர் பந்துதான். சிமென்ட் தரையில் தோல் சீக்கிரம் தேய்ந்துவிடும், விலையும் கட்டுப்படியாகாது.