முட்டிக்கொண்டு நிற்பவை: இழுவைக் கப்பலும் புகைப்படமும்

செஞ்சிக்காரனுக்குக் கப்பலைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்கலாம். கடல் இல்லாத ஊர்தான். ஆனால் இழுவை எங்களுக்குத் தெரியும். ராஜகிரி உச்சியில் ஒரு பீரங்கி கிடக்கிறது. 2025 ஜூலையில் மராத்திய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே இது ஒன்றுதான். வருகிறவர்கள் பீரங்கியோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எந்த ராஜா சுட்டான் என்று பேச்சு வருகிறது. அவ்வளவு உயரத்துக்கு அதை எத்தனை பேர் தோள் கொடுத்து ஏற்றினார்கள் என்ற கேள்வி எந்தப் படத்துக்குள்ளும் வருவதில்லை.

இதை மண்டைக்குள் வைத்துக்கொண்டுதான், ஒரு கூட்டத்துக்காகத் தூத்துக்குடி போன நான், மறுநாள் காலை நண்பரின் கேமராவோடு முயல் தீவுக் கரையில் நின்றேன். தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல். அதன் பக்கத்தில் இரண்டு டக். தமிழில் இழுவைக் கப்பல் என்று எழுதுகிறோம். துறைமுகத்தில் பேச்சில் டக்தான்.

துறைமுகத்துக்குள் வருகிற கப்பல் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். வேகம் குறைந்தால் சுக்கானில் மோதுகிற நீரின் விசையும் குறையும். சுக்கான் பேச்சுக் கேட்காது. ஆயிரக்கணக்கான டன் இரும்பு தன் திசையைத் தானே தீர்மானிக்க முடியாமல் போகிற இடம் அது. அங்கே ஒரு டக் வடம் வாங்கி இழுக்கிறது, இன்னொன்று விலாவில் மூக்கை வைத்து முட்டுகிறது. வடம் அறுந்தால் சவுக்குபோலத் திரும்பி வந்து ஆளை அடித்துக் கொல்லும். வடம் பக்கவாட்டில் இழுபட்டால் டக்கே கவிழ்ந்துபோகும்.

இவ்வளவு நடக்கிறது. நாற்பது படம் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் அத்தனையிலும் பெரிய சுவர் ஒன்று, அதன் அடியில் ஒட்டிக்கொண்ட பொம்மை ஒன்று. "என்னண்ணே, சும்மா நிக்குது?" என்று பக்கத்தில் வலை சரிபண்ணிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "சும்மாவா? முட்டுக் கொடுத்துட்டு நிக்கி தம்பி. விட்டா கப்பல் ஒதுங்கிப் போயிரும்லா" என்றார்.

என் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. டக் உச்சபட்ச விசையைக் கொடுக்கிற நேரத்தில் அசையாமல் நிற்கிறது. உழைப்பின் உச்சம் கண்ணுக்கு ஓய்வாகத் தெரிகிறது. புகைப்படமோ அசைவை உறையவைத்துக் காட்டப் பழகிய கருவி. அசையாததன் விசையை அது எப்படிக் காட்டும்?

ஓவியம் மட்டும் என்ன செய்துவிட்டது? டர்னர் 1839இல் காட்சிக்கு வைத்த 'ஃபைட்டிங் டெமரேர்' ஓவியத்தில், பழைய போர்க்கப்பல் ஒன்றை நீராவி டக் ஒன்று உடைக்க இழுத்துப்போகிறது. 1838இல் நிஜமாகவே இழுத்துப்போனபோது அந்தக் கப்பலுக்குப் பாய்மரங்கள் கிடையாது, கழற்றியாகிவிட்டது. இழுத்தவை இரண்டு டக்குகள். டர்னர் கப்பலுக்குப் பாய்மரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு டக்கை எடுத்துவிட்டார். மிச்சம் வைத்த ஒன்றையும் கறுப்பாக, புகை கக்குவதாக வரைந்தார். மகத்தான ஓவியம், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துக்கம் முழுக்கக் கப்பலுக்குத்தான்.

நம் மொழியும் இதில் குற்றமற்றதல்ல. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011இல் வ.உ.சி. பெயர் வைத்தார்கள். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியவர்; பிறகு கோவைச் சிறையில் செக்கிழுத்தவர். 'கப்பலோட்டிய தமிழன்' என்று 1961இல் பந்துலு படமெடுத்தார், 'செக்கிழுத்த செம்மல்' என்று மேடையில் முழங்குகிறோம். கவனியுங்கள்: ஓட்டினால் வீரம், இழுத்தால் தியாகம். சிறையில் அது சித்திரவதைதான், சந்தேகமில்லை. ஆனால் இழுப்பது ஒரு வித்தை, ஒரு அறிவு என்று சொல்ல நம்மிடம் ஒரு பட்டம்கூட இல்லை. 'இழுபறி', 'இழுத்தடிப்பு' எல்லாமே வசவு.

அரசு விழாவில் டக்குக்கு வேறொரு வேடம். புதுக்கப்பல் வந்தால் இருபுறமும் தண்ணீரைப் பீய்ச்சி வரவேற்க வேண்டும். அந்தப் படம் பத்திரிகையில் வரும். தீயணைக்க வைத்த குழாய் அது! வேலை செய்யும்போது நம்மைப் போன்றவர்கள் உள்ளே போய்ப் படமெடுக்க முடியாது. 2004 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சர்வதேசப் பாதுகாப்பு விதிகளுக்குப் பிறகு வேலி இன்னும் இறுகிவிட்டது. ஆக, அலங்காரம் பொதுவெளிக்கு, உழைப்பு தடைசெய்யப்பட்ட பகுதிக்கு.

சரி, அதிகாரத்தைத் திட்டுவது சுலபம். நம் இதழ்களின் அட்டைகளை எடுத்துப் பாருங்கள். உழைப்பாளி என்றால் ஓங்கிய சம்மட்டி, புடைத்த நரம்பு, உயர்ந்த முஷ்டி. தாங்கிப் பிடிப்பவர்களுக்கு, சரியாமல் முட்டுக் கொடுப்பவர்களுக்கு இடதுசாரி அழகியலிலும் பிம்பம் இல்லை. கூட்டம் முடிகிறவரை வாசலில் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கிற தோழரின் மனைவி 'சும்மா' நிற்கிறார் என்றுதானே நினைக்கிறோம்? ஆலன் செகுலா துறைமுகங்களைப் பல வருஷம் படமெடுத்து 1995இல் 'ஃபிஷ் ஸ்டோரி' கொண்டுவந்தபோது, படங்களோடு நீண்ட கட்டுரைகளையும் சேர்த்தே வைத்தார். படம் மட்டும் போதாது என்று ஒரு புகைப்படக்காரரே ஒத்துக்கொண்டதாகத்தான் நான் அதை வாசிக்கிறேன்.

நாற்பதில் முப்பத்தொன்பதை அழித்துவிட்டேன். மிச்சமிருக்கும் ஒன்றில் டக் பாதிதான் விழுந்திருக்கிறது, கப்பலின் பெயர் வெட்டுப்பட்டுவிட்டது. டக்கின் பின்னால் மட்டும் தண்ணீர் வெள்ளையாகக் கொதிக்கிறது.