பக்கெட் வீலுக்குச் சரி, டம்பருக்கு வேண்டாம்

நெய்வேலிச் சுரங்கத்தில், வாளிகள் கொண்ட சக்கரத்தால் மண் வெட்டும் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் ஓட்டப் பழகுகிறவருக்கு விஆர் ஹெட்செட் மாட்டிப் பயிற்சி தரலாமா? தலைசுற்றலும் குமட்டலும்தான் பெரிய தடை. அதற்குச் சொல்லப்படும் வழிகளில் பல அங்கே எடுபடாது.

மாத்திரையை முதலிலேயே தள்ளிவிடலாம். பஸ் ஏறுமுன் போடும் அவோமின் தூக்கத்தைக் கொண்டுவரும். ஷிப்டுக்குப் போகிறவருக்கு ஆகாது. இஞ்சி விஷயத்தில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. 2016இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டஸும் ஃபைனரும் காட்சி நகரும்போது ஓரங்களை மெல்ல இருட்டாக்கிப் பார்த்தார்கள். தொந்தரவு குறைந்தது, பலருக்கு இருட்டாக்கியதே தெரியவில்லை. அழகான உத்திதான், வீட்டு விளையாட்டுக்கு. சுரங்கத்திலோ கன்வேயர் பக்கம் வரும் ஆளைக் கடைக்கண்தான் பிடிக்க வேண்டும். ஓரத்தை மறைத்துப் பழக்குவது தப்பான பாடம்.

கண் 'நகர்கிறோம்' என்கிறது, உள்காது 'இல்லை' என்கிறது, கோளாறு இங்கேதான். விஆர் ஹெட்செட் நிறுவனமான ஓகுலஸில் முதன்மை விஞ்ஞானியாக இருந்த ஸ்டீவ் லவால் 2015இல் ஐஐடி மெட்ராஸில் எடுத்த விஆர் பாடங்கள் என்பிடெல் (NPTEL) இணையப் பாடத் தளத்தில் உள்ளன. அக்கறை உள்ளவர்கள் அங்கே தொடங்கலாம். தலையைத் திருப்பினால் படம் பின்தங்குவது ஹெட்செட்டின் குறை. அது பெருமளவு தீர்ந்துவிட்டது. உட்கார்ந்திருப்பவரை ஜாய்ஸ்டிக்கால் நடக்கவைப்பது மென்பொருளின் குறை. எத்தனை விலை கொடுத்து வாங்கிய ஹெட்செட்டும் அதைத் தீர்க்காது.

பக்கெட் வீல் தப்பிப்பது இந்த இடத்தில். உள்காதின் அரைவட்டக் குழல்கள் சுழற்சியின் வேகத்தை அல்ல, வேகம் மாறுவதையே உணர்கின்றன. 1400 லிட்டர் வாளிகள் கொண்ட இயந்திரம் மெதுவாக, ஒரே சீராகத் திரும்பும். நிஜ கேபினில் உட்கார்ந்திருப்பவரின் காதுக்கே அது அதிகம் எட்டாது. ஆகவே ஹெட்செட்டில் முரண்பாடும் சிறியது. கண்முன் அசையாமல் நிற்கும் ஜன்னல் சட்டம் கூடுதல் பிடிமானம். சீரான சுழற்சியும் குமட்டுமே என்று ஒருவர் மறுக்கலாம்: கோடு போட்ட உருளை சுற்றிச் சுழல, நடுவில் உட்கார்ந்தவர்களுக்குக் குமட்டியதை ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. உண்மை. ஆனால் அந்தச் சோதனைகளில் வழக்கமான வேகம் நொடிக்கு 60 டிகிரி அளவு. பார்வை முழுவதையும் கோடுகளே நிறைத்திருந்தன. எக்ஸ்கவேட்டர் கேபினில் இந்த இரண்டும் இல்லை.

டம்பர் கதை வேறு. பிரேக், மேடு, பள்ளம், வளைவு எல்லாமே வேக மாற்றம். நாற்காலி அசையாமல் கண்ணை மட்டும் குலுக்கினால் வாந்திதான் வரும். அசையும் மேடை வாங்கப் பணமில்லையென்றால் பழைய முறையே மேல்: ஆபரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து கற்பது. எக்ஸ்கவேட்டர் பயிற்சியிலும் முதல் நாட்களில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். லென்ஸ் இடைவெளி ஒவ்வொருவர் கண்ணுக்கும் சரிசெய்யப்பட வேண்டும். ஹெட்செட்டைக் கழற்றிய கையோடு யாரையும் பைக் சாவியை எடுக்க விடக்கூடாது.