எதை வாசிக்கலாம்? தீவகத்து வாசகருக்குச் சில நாவல்கள்

ஈழத்துத் தமிழ் நாவல் பற்றிய ஆய்வுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. சில்லையூர் செல்வராசன் 1967 இலே வழியைத் திறந்தார். கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968 இலே வந்தது. நா. சுப்பிரமணியனின் 'ஈழத்துத் தமிழ் நாவல் இலக்கியம்', சிவத்தம்பியின் 'நாவலும் வாழ்க்கையும்' ஆகிய இரண்டும் 1978 இலே வெளிவந்தன. இவற்றைப் பாடநூல்களாகக் கற்கும் நாம், ஒரு நாவல் எச்சமூகச் சூழலிலே தோன்றிற்று, எந்த வர்க்கத்தின் குரலாக அமைந்தது என்று பத்துப் பக்கம் எழுத வல்லவர்கள். ஆயின், காரைநகரிலே வலந்தலைச் சந்தியில் நிற்கும் ஒருவர் "தம்பி, கம்பசிலை படிக்கிறாய், வாசிக்க நல்ல கதைப்புத்தகம் ஒண்டு சொல்லு பாப்பம்" என்று கேட்டால் நாக்குத் தடுமாறுகிறது. இவ்வினா விமரிசனத்துக்குப் புறம்பானது என்று நாம் கருதப் பழகியிருப்பதே அதற்குக் காரணம். இக்கட்டுரை அவ்வினாவுக்கு விடையளிக்க முயல்கிறது.

கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகைக் கதைகளையே கேட்கின்றனர்: மர்மக் கதை, சரித்திரக் கதை, குடும்பக் கதை. இம்மூன்றும் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்ட வகைகள். தமிழ்வாணனின் சங்கர்லாலையும் கல்கியின் வந்தியத்தேவனையும் வாசித்து வளர்ந்த தலைமுறை, பல்கலைக்கழக வாயிலிலே அவர்களை இறக்கிவைத்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்பது எழுதாத விதியாகவே இருந்துவந்தது. அவ்விதிக்கு நியாயம் இல்லாமலில்லை. சந்தைக்கென எழுதப்பட்ட குப்பை மிகுதி. அதனை எதிர்த்துச் சமூகப் பொறுப்புள்ள இலக்கியத்தை நிலைநாட்ட வேண்டிய தேவை அன்று இருந்தது. எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. ஈழத்து நாவலின் பிறப்பே இம்மூன்று வகைகளோடும் பிணைந்தது. சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' (1885) குழந்தைப் பருவத்திலே கடத்தப்பட்ட ஒருவனின் பிறப்பு மர்மத்தைச் சுற்றியது. திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' (1895) தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படுவது. மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' (1914) கணவனால் வருந்தும் ஒரு பெண்ணின் இல்லறக் கதை. ஒரு பெண்ணே எழுதியது. குடும்பக் கதை என்றால் கண்ணீர்க் கதை என்று முகஞ்சுழிப்போர், நூறாண்டுக்கு முன்னர் அந்நூல் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தின் கதவைத் திறந்துகாட்டிய துணிவை நினைத்துப் பார்த்தல் நன்று.

முதலிலே மர்மத்தை நோக்குவோம். துப்பறியும் நாவலுக்கு ஓர் உடன்படிக்கை உண்டு. தொடக்கத்திலே ஒரு பிணம் கிடக்கும். இறுதியிலே ஒரு பெயர் சொல்லப்படும். இடையிலுள்ள பக்கங்கள் அறியாமையிலிருந்து அறிவுக்குச் செல்லும் பாதை. உண்மை கண்டுபிடிக்கப்பட்டால் நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை அதன் அத்திவாரம். சுஜாதா போன்ற விளையாட்டுக்காரர்கூட 'கொலையுதிர் கால'த்திலே விஞ்ஞானமா பேயா என்ற கேள்வியைத் தொங்கவிட்டாரேயன்றி, துப்பறிய ஒருவர் வருவார் என்ற நம்பிக்கையைக் கைவிடவில்லை. கணேசும் வசந்தும் வந்தே தீருவர்.

இலங்கையிலே அந்த அத்திவாரம் எங்கே இருக்கிறது? 2017 ஆம் ஆண்டு தொடக்கம் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வடக்கிலே வீதியோரக் கொட்டில்களில் அமர்ந்து கேட்ட கேள்வி, துப்பறியும் நாவலின் முதல் அத்தியாயத்துக் கேள்விதான்: என் பிள்ளை எங்கே? அவர்களிடம் சாட்சியங்கள் இருந்தன; திகதிகள் இருந்தன; பலரிடம் பெயர்களும் இருந்தன. இல்லாதது இறுதி அத்தியாயம் ஒன்றே. கொலையாளி யார் என்பது பலருக்கும் தெரிந்து, அதைச் சொல்வதே ஆபத்தாகிவிட்ட ஒரு நாட்டிலே மர்ம நாவல் எவ்வாறு எழுதப்படும்? இவ்வினா வெறும் இலக்கிய வடிவம் பற்றியதன்று.

ஆங்கிலத்தில் எழுதும் இலங்கையர் இருவர் இதற்குக் கண்ட விடைகள் வேறு வேறானவை. மைக்கல் ஒண்டாச்சியின் 'அனிலின் ஆவி' (2000) ஓர் எலும்புக்கூட்டிலே தொடங்குகிறது. அதற்குப் பெயர் தேடும் தடயவியல் அறிஞர் அனில் வெளிநாட்டிலிருந்து வருபவர். உண்மை கிடைத்தாலும் அதனை வைத்து என்ன செய்வது என்ற இடத்திலே நாவல் கனக்கிறது. ஷெஹான் கருணாதிலக 2022 இலே புக்கர் பரிசு பெற்ற 'மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்' நாவலிலே செத்தவனையே துப்பறிபவனாக்கினார். ஏழு இரவுகளுக்குள் தன்னைக் கொன்றவன் யார் என்று தேடும் புகைப்படக்காரனின் ஆவி அது. உயிரோடிருப்பவர் விசாரிக்க முடியாத இடத்தில் ஆவி விசாரிக்கட்டும் என்பது கசப்பான நகைச்சுவை. சில இடங்களில் ஆவிகளின் கூட்டம் அளவுக்கு மிஞ்சிவிடுகிறது. ஆயினும் கையில் எடுத்தால் வைக்க மனம் வராத நூல்.

தமிழில் இதற்கு ஈடாக யான் முன்வைப்பது துப்பறியும் நாவல் என்று எவரும் அழைக்காத ஒன்று: அல்லைப்பிட்டியிலே பிறந்த ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001). பிரான்சு நாட்டில் அகதித் தஞ்சம் கோரும் விண்ணப்பமாக அது தொடங்குகிறது. எண்கள், திகதிகள், கைதுகள், சித்திரவதைகள் என்று ஒரு மனிதன் தன் வாழ்வை அதிகாரி ஒருவருக்கு வாக்குமூலமாக ஒப்புவிக்கிறான். அகதி விண்ணப்பம் என்பது என்ன? இது உண்மையா பொய்யா என்று தீர்மானிப்பதற்காகவே வாசிக்கப்படும் கதை அது. முதற்பக்கத்திலேயே வாசகர் அந்த அதிகாரியின் நாற்காலியில் அமர்த்தப்படுகிறார். நாம் விசாரிப்பவராகிறோம், சந்தேகிக்கிறோம், பிறகு, சந்தேகித்தமைக்காகக் கூசுகிறோம். பின்னர் கதை தீவகத்துக் கிராமத்துக்குத் திரும்பி, இயக்கத்திலே சேர்ந்து, அங்கும் நிலைக்க முடியாத இளைஞனின் வாழ்வாக விரிந்து, மீண்டும் பாரிசுக்கு வருகிறது. யார் யார் என்ற முடிச்சு இறுதிவரை தளராது. அடிக்குறிப்புகள்கூடக் கதை சொல்லும் நாவல் அது. தீவுப்பகுதிப் பேச்சுமொழி மெருகிடப்படாமல் அச்சேறியிருப்பதும், நம் ஊர்க் கேலி அவ்வாறே ஒலிப்பதும் எம்மவர்க்குத் தனி இன்பம். அதன் வசைமொழிகளைக் கண்டு முகம் சிவக்கும் பெரியவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்நூலை யான் பரிந்துரைக்கவில்லை.

மர்மமும் வரலாறும் ஒருங்கே வேண்டுவோர்க்கு ஒரு மொழிபெயர்ப்பைச் சொல்லலாம். துருக்கிய எழுத்தாளர் ஓரான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு', ஜி. குப்புசாமியின் தமிழாக்கத்திலே கிடைக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலே இசுதான்புல் நகரத்து ஓவியர்களிடையே நிகழும் கொலை அதன் பொருள். கிணற்றுள் கிடக்கும் பிணமே முதல் அத்தியாயத்தைப் பேசுகிறது. மேலே கூறிய அல்மேதாவோடு அதனை ஒப்பிட்டு வாசிப்பது நல்ல பயிற்சி.

வரலாற்று நாவலைப் பொறுத்தவரை எமது நிலை சற்று வேடிக்கையானது. காரைநகர்த் துறையிலிருந்து ஊர்காவற்றுறைக்குக் கடலைக் கடப்பவர் கண்ணுக்கு நடுவே கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி, 1658 இலே ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அது. பன்றித் தொடையின் குதிக்கால் என்று பொருள்படும் பெயரை ஒல்லாந்தர் அதற்குச் சூட்டினர். பின்னாளிலே அது சிறையாயிற்று. இப்போது கடற்படையினர் நடத்தும் விடுதி. இத்தனை மாற்றமும் ஒரு சிறு கற்குவியலுக்குள் நிகழ்ந்திருக்க, நம் வாசகர் மனத்திலே வரலாறு என்றதும் எழுவது தஞ்சாவூரும் பழையாறையும் ஆகும். 'பொன்னியின் செல்வ'னின் மாயம் அத்தகையது. 2022 இலே அது திரைப்படமாகிய பின்னர் புத்தகக் கடைகளிலே அதற்குப் புதிய வாசகர் கூட்டமே உருவாயிற்று. கல்கியைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. ஆனால் அரசர்களின் வரலாறு வாசகனைக் கனவிலே ஆழ்த்துகிறது; அவன் பாட்டன் அந்தக் கனவிலே எங்கே நின்றான் என்பதைச் சொல்வதில்லை. பல்லக்குத் தூக்கியாகவே நின்றிருப்பான்.

அண்மைக்கால நாவல்கள் இந்நிலையை மாற்றியுள்ளன. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' (2008) மதுரையின் ஆறு நூற்றாண்டுகளைத் தாதனூர்க் கள்ளர்களின் பக்கத்திலிருந்து சொல்கிறது. அரண்மனைப் பகுதிகள் கனமாகவும் வேகங்குன்றியும் உள்ளன. இருட்டிலே களவுக்குப் புறப்படும் பகுதிகள் வந்ததும் எழுத்து விழித்துக்கொள்கிறது. முதல் இருநூறு பக்கங்களைப் பொறுமையோடு கடக்க இயலாதோர் இதனை எடுக்காதிருத்தல் நலம்.

எம்மவர்க்கு அதனினும் நெருக்கமானது ஜோ டி குரூசின் 'கொற்கை' (2009). தூத்துக்குடிப் பரதவரின் இருபதாம் நூற்றாண்டுக் கதை. தோணிகள் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற காலம், நீராவிக் கப்பல் வந்து பாய்மரத்தை வீழ்த்திய காலம், கடலோடிகள் கணக்கப்பிள்ளைகளிடம் தோற்ற காலம் யாவும் அங்கே உள்ளன. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் இந்நூலிலே ஒரு பாத்திரத்தை நினைவில் வைக்குமுன் மூவர் வந்துவிடுகின்றனர், இது பெருங்குறைதான். எனினும் தென்னிலங்கையெங்கும் கடை வைத்துப் பெயர் பெற்ற காரைநகர் வணிகரின் வழித்தோன்றல்கள், எதிர்க்கரையின் இக்கதையை வாசிக்கும்போது தம் வீட்டுப் பழைய கணக்குக் கொப்பியைப் புரட்டுவதுபோல் உணர்வர். எமது கரையிலிருந்து இதற்கு மறுமொழியாக ஒரு நாவல் வரவில்லையே என்பது எம் ஆதங்கம். செங்கை ஆழியான் 'கடல் கோட்டை' என்று தம் வரலாற்று நாவலுக்குப் பெயரிட்டார். நெடுந்தீவுக் கரையிலே வாடியமைத்துத் தங்கும் மீனவரைப் பற்றி 'வாடைக்காற்று' (1973) எழுதினார். அந்த நாவல் 1978 இலே திரைப்படமும் ஆயிற்று. வலசை வந்து திரும்பும் கூழைக்கடாவையும் பருவத்தொழிலுக்கு வந்து போகும் மனிதரையும் அருகருகே வைத்த அந்தச் சிறிய நூல் இன்றும் அலுப்பதில்லை. அவரைத் தொடர்ந்து கப்பல், கடை, வங்கக் கடல் என்பவற்றை எழுத எவரும் முன்வந்ததாகத் தெரியவில்லை.

இனிக் குடும்ப நாவல். யாழ்ப்பாணத்துக் குடும்பக் கதை நெடுங்காலம் வேலிக்குள்ளே நடந்தது: சீதனம், காணிப் பங்கு, மாமி மருமகள், படித்த மாப்பிள்ளை. 1983 இன் பின்னர் வேலியே இல்லாமற் போயிற்று. தகப்பன் வவுனியாவிலும், மூத்தவன் கனடாவிலும், இளையவள் பிரான்சிலும், தாய் மாத்திரம் ஊரிலும் என்றான பின்னர் குடும்பம் என்ற சொல்லின் பொருள் யாது? 1990களின் தொடக்கத்திலே காரைநகர் மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது பூட்டிய வீடுகளுட் பல, உரியவர் எந்நாட்டிலோ இருக்க, இன்னும் பூட்டியபடியே உள்ளன. மார்கழித் திருவெம்பாவைக்கு ஈழத்துச் சிதம்பரத்துக்கு வருவோர் அவற்றைத் திறந்து கூட்டிவிட்டு மீண்டும் பூட்டிச் செல்வர்.

இந்தச் சிதறலை முழுமையாக எழுத முனைந்த நாவலாக யான் கருதுவது தேவகாந்தனின் 'கனவுச்சிறை'. நயினாதீவைத் தாய்நிலமாகக் கொண்டு, 1981 முதல் 2001 வரையுள்ள இருபது ஆண்டுகளை ஐந்து பாகங்களிலே சொல்லும் இந்நூல், 2014 இலே காலச்சுவடு பதிப்பாக ஒரே தொகுதியாகவும் வந்தது. குடும்பம் ஒன்று கடல் கடந்து பல நாடுகளிலே சிதறுவதைப் பின்தொடரும் நாவல், தீவை விட்டு அகன்றாலும் அதன் கண் தீவிலேயே இருக்கிறது. நாகபூசணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் ஒரே மண்ணில் நிற்கும் ஊரை அவர் தெரிந்தமை தற்செயலன்று. பௌத்த துறவி ஒருவரைப் பகைவனாகவோ புனிதராகவோ ஆக்காமல், தன் மனச்சாட்சியோடு மல்லுக்கட்டும் மனிதராகப் படைத்தமை இந்நாவலின் பெரும் வெற்றி. ஏறத்தாழ ஆயிரம் பக்கங்களிலே, போருக்கு ஆள் கொடுத்தவர், கொடுக்க மறுத்தவர், தப்பி ஓடியவர், ஓட முடியாது காத்திருந்தவள் ஆகிய யாவரும் ஒரு குடும்பத்தின் கிளைகளாகவே உள்ளனர்.

குறைகள் உள. அரசியல் நிகழ்வுகளைப் பாத்திரங்களின் வாயிலே வைத்துப் பத்திரிகைத் தலையங்கம்போல் உரைக்கும் பகுதிகள் சலிப்பூட்டுகின்றன. ஆண்கள் விவாதிக்கும் பக்கங்களைவிடப் பெண்கள் மௌனமாகக் காத்திருக்கும் பக்கங்களே நெஞ்சில் நிலைக்கின்றன. வெளிநாட்டுக்குப் போன கணவனின் கடிதத்தை எதிர்பார்த்திருத்தல் என்ற அந்த ஒன்றை எழுதிய அளவிலேயே தேவகாந்தன் நம் காலத்துக் குடும்ப நாவலை எழுதிவிட்டார் என்பேன்.

இதனோடு சேர்த்து வாசிக்கத்தக்கது சயந்தனின் 'ஆதிரை' (2015). மலையகத்திலிருந்து வன்னிக்குப் பெயர்ந்த குடும்பங்களை முன்னிறுத்தும் அந்நாவல், யாழ்ப்பாணத்துக் குடும்பமே ஈழத்துக் குடும்பம் என்ற நம் பழைய எண்ணத்தைச் சத்தமின்றி உடைக்கிறது. எம் ஊரவர் அதனை வாசிக்கையில் சில இடங்களிலே மனம் நெருடும், நெருடவேண்டும்.

நடைமுறை பற்றி இரண்டொரு வார்த்தை. முதன்முதலாக நாவல் வாசிக்கத் தொடங்கும் மாணவர் 'வாடைக்காற்'றை ஒரு பிற்பகலிலே முடித்துவிட்டுக் 'கொரில்லா'வுக்குச் செல்லலாம். மர்மக் கதையே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்போர்க்கும் 'கொரில்லா'வையே கொடுங்கள், அது மர்மக் கதை என்று சொல்லியே கொடுங்கள். கண்பார்வை மங்கிய பெரியம்மாமாருக்குக் 'கனவுச்சிறை'யின் ஒற்றைத் தொகுதி கையிலே பிடிக்க இயலாத பாரம். தனித்தனிப் பாகங்களாக 1998 தொடக்கம் வெளிவந்த பழைய பதிப்பு எந்த வாசிகசாலையிலேனும் அகப்படின் அதனை எடுத்துக் கொடுத்தல் நன்று. அகப்படாவிடின், மாலையிலே ஓர் அத்தியாயமாக வீட்டிலுள்ள பிள்ளைகள் உரக்க வாசித்துக் காட்டலாம்.