கிளிபர்ட் பியர்ஸின் தன்வரலாறு

கிளிபர்ட் பியர்ஸ் என்பார் 1908 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தன்னைக் கண்டெடுத்த மனம்’ என்னும் ஆங்கிலத் தன்வரலாறு, மனநோயாளர் பொருட்டு அமெரிக்காவில் எழுந்த பொதுமக்கள் இயக்கத்துக்கு வித்திட்ட நூலாகும். மனநோய் மருத்துவமனைகள் மூன்றிலே தாம் பட்ட அடியையும் அடைப்பையும் ஆசிரியர் மறையாது உரைத்தார். உளநூல் வல்லுநர் வில்லியம் ஜேம்ஸ் நூலைப் பாராட்டிக் கடிதம் வழங்கினார். அதே ஆண்டிற் கனெக்டிக்கட் மாநிலத்திலும், 1909 இல் நாடளாவியும் மனநலச் சங்கங்கள் தோன்றின. ஒரு நூல் இத்துணை விரைவிற் செயலாதல் அரிது.

ஆயினும், இளைஞர்க்கு இந்நூலின் உயிர்நிலை ஆசிரியர் விரைந்து கடந்துசெல்லும் முற்பகுதியிலேயே உள்ளது. 1894 இல், அவர் யேல் சர்வகலாசாலையிற் புகவிருந்த காலத்தில், நல்ல உடல்நலத்தோடிருந்த தமையனாரை வலிப்பு நோய் பற்றியது. அவருக்கு வந்தது தமக்கும் வாராதோ என்னும் ஐயம் பதினெட்டு வயதுத் தம்பியாரைப் பிடித்துக்கொண்டது. வகுப்பறையிற் பலர் முன்னிலையில் வலிப்புக் கண்டுவிடுமோ என நடுங்கினார். பட்டம் பெற்றார்; தொழிலும் பார்த்தார்; அச்சமோ அகலவில்லை. 1900 யூன் 23 இல், நோய் தமக்கு வந்தேவிட்டது எனத் துணிந்து, உயிரை மாய்க்க முயன்று தப்பினார். பதினொரு நாள் கழித்துத் தமையனார் இறந்தார். மூளையின் அடியில் வளர்ந்த கட்டியே காரணம் என மருத்துவர் இறுதியில் முடிவு செய்தனர். தம்பியார் ஆறாண்டு அஞ்சியது எதனை, இருந்தது எது!

நூலின் பெருங்குறை ஈண்டே தோன்றுகிறது. காவலாளரின் கொடுமையை நுணுகி விவரிக்கும் ஆசிரியர், அவ்வச்சத்தை ஆற்றுதற்கு வீட்டிலும் கல்லூரியிலும் எவர் என்ன செய்திருக்கலாம் என்பதை நின்று ஆராய்ந்தாரல்லர். நோயுற்ற தமையனாருக்குக் கடற்பயணமும் பண்ணை வாசமும் வாய்த்தன. அவரைப் பார்த்து அஞ்சியவருக்கு அத்தகைய பரிகாரம் எதுவும் நேரவில்லை. ஒரு வீட்டிலே நோயாளர் இருவர் இருந்தனர் என்பதே உண்மை.

இன்று நீரிழிவையும் இருதய நோயையும் பற்றி இளைஞர்க்கு எடுத்துரைப்போர் குடும்ப வரலாற்றைச் சுட்டி எச்சரிக்கின்றனர். எச்சரிக்கை வேண்டியதே. அதனைக் கேட்ட பிள்ளை பின்னர் தனியே இருந்து என்ன எண்ணுகிறது என விசாரிப்பாரும் வேண்டுமன்றோ? பியர்ஸின் முற்பகுதி ஆசிரியர்களுக்கு உணர்த்துவது இதுவே.

நூலின் தலைப்பைப் பற்றியும் ஒரு சொல். ‘கண்டெடுத்த’ என்பது நோய் முற்றும் நீங்கிற்று என எண்ணச் செய்கிறது. 1939 இல் ஆசிரியர் மீண்டும் மனநோய் மருத்துவமனையிற் சேர்ந்தார். 1943 இல் அங்கேயே உயிர்நீத்தார். இதனைக் கொண்டு நூல் பொய்த்தது என்பார் உளராயின், அடங்கியிருந்த நீரிழிவு திரும்பவும் மிகுந்த ஒருவரையும் அவர்கள் அவ்வாறே கூறுவரா?